மல்காபுரச் சாசனமும் கோளகி மடமும்

கிருஷ்ணா நதியின் தென்கரைப் பக்கத்தே, குண்டூர் ஜில்லாவிலுள்ள மல்காபுரம் என்னும் சிற்றூரில் எழுத்துப் பொறித்த கற்றூண் ஒன்று உளது. வடமொழிச் செய்யுளாலும் தெலுங்கு வசனத்தாலும் அமைந்த அச்சாசனம் சக வருஷம் 1183, அஃதாவது கி.பி. 1261-ல் எழுந்தது. காகதீய கணபதிதேவனும் அவன் புதல்வி ருத்திரமதேவியும் தம் ஆசாரியராகிய விசுவேசுவர சம்புவுக்கு ஊர்கள் வழங்கிய செய்தியும், அவ்வூர்களின் வருவாய்க்கு அவ்வாசாரியர் செய்த ஏற்பாடுகளும், அவருக்கு முன்னிருந்த கோளகி மடத்துக் குருபரம்பரையும் அதன்கண் விரித்துரைக்கப்படுகின்றன. தென்னிந்தியச் சாசனத் தொகுதிகளுள் பத்தாவதனுள் இது பதிப்பிக்கப்பட்டுள்ளது. சைவ மடங்களின் பழைய நிலையை ஆராய்வார்க்கு இஃதொரு கருவூலம் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இச்சாசனத்தை எடுத்தாள்வோர் பெரும்பாலும் இருவகையான பிழைகளுள் ஒன்றிற் சென்று வீழ்கின்றனர். அரசியல் வரலாறு எழுதுவார் ஒரு சாரார், மடம் என்பது வேந்தன் தான் புதிதாய் வென்ற நாட்டைத் தன்வசம் நிறுத்துதற்குக் கையாண்ட கருவியே என்றும், இராஜகுரு என்னும் பெயர் அதற்கொரு போர்வையே என்றும் முடிவு கட்டுவர். சமயப்பற்று மிக்கார் மற்றொரு சாரார், மூன்றிலக்கம் கிராமம் பெற்ற மடம், முடிமன்னர் அடிபணிந்த மடம், நாடுகள் மாறினும் தான் மாறாத மடம் எனப் பெருமை பேசி அமைவர். இவ்விரு கொள்கையும் தம்முள் முரணுவன போலத் தோன்றினும், அவற்றிற்குப் பிறப்பிடம் ஒன்றே. இரு சாராரும் சாசனத்தின் முன்பாதியை ஊன்றிப் படித்துப் பின்பாதியை வெறும் பங்குக் கணக்கு என்று தள்ளிவிடுகின்றனர். அப்பின்பாதியின்கண்ணேதான் சாசனம் தன் உள்ளக்கருத்தை வெளியிடுகின்றது.

முதற்கண் குருபரம்பரையை நோக்குவோம். பாகீரதிக்கும் நருமதைக்கும் இடைப்பட்டது டாகள நாடு என்றும், துருவாச முனிவர் வழியில் அங்குத் தோன்றிய சத்பாவ சம்பு என்பார் கலசுரி வேந்தனாகிய யுவராஜதேவனிடம் மூன்றிலக்கம் கிராமங்களைப் பிக்ஷையாகப் பெற்றுக் கோளகி மடத்தை நிறுவினார் என்றும் சாசனம் தொடங்குகின்றது. அதன்பின் சோமசம்பு, வாமசம்பு, சக்திசம்பு, கீர்த்திசம்பு, விமலசிவர், தருமசிவர், விசுவேசுவர சம்பு என்னும் பெயர்கள் வருகின்றன.

இப்பட்டியல் புகழுரையாளன் புனைந்ததோ, மடத்தில் வழிவழி வந்த உண்மையோ எனும் வினாவுக்கு விடை ஆந்திர நாட்டிற் கிடைப்பதன்று, டாகளத்திலேயே கிடைக்கின்றது. கலசுரி ஜயசிங்கன் காலத்து ஜபல்பூர்ச் சாசனம், கலசுரி வருஷம் 926-ல் (கி.பி. 1174) பொறிக்கப்பட்டது. அவ்வரசனுக்குக் குருவாயிருந்த விமலசிவர், தம் குருவாகிய கீர்த்திசிவர் பெயரால் கீர்த்தீசுவரம் என்னும் கோயிலை எடுப்பித்தமை அதிற் சொல்லப்படுகின்றது. கீர்த்திசிவருக்கு முன்னவர் சக்திசிவர். சக்தி, கீர்த்தி, விமலர் என்னும் இம்மூவரும் அதே முறையில் எண்பத்தேழு ஆண்டுகட்குப் பின்னர்க் கிருஷ்ணைக் கரையில் எழுந்த கல்லிலும் காணப்படுகின்றனர். ஒன்றையொன்று பார்த்து எழுதுதற்கு இடமில்லாத இரு கற்கள், இருவேறு நாடுகளில், இருவேறு அரசர் கீழ் நின்று ஒத்த சான்று பகர்கின்றன. சிவர் என முடிவதும் சம்பு என முடிவதும் செய்யுளின் யாப்பு நோக்கி வந்த வேறுபாடேயன்றி ஆள் வேறுபாடு அன்று.

இவ்வொற்றுமையைக் கண்டு பட்டியல் முழுவதையும் அவ்வாறே கொள்ளலாமோ எனின், ஆகாது. சக்திசிவருக்கு மேற்பட்ட பெயர்கள் இரு சாசனங்களிலும் ஒத்து வரவில்லை. சத்பாவ சம்புவின் காலம் பத்தாம் நூற்றாண்டு. கிரியாகாண்டக்கிரமாவலி என்னும் பத்ததி செய்த சோமசம்புவின் காலம் பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதி. இவ்விருவரும் அடுத்தடுத்து வந்தார் என்று கொள்ளின் இடையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வெற்றிடம் ஏற்படும். இதனினும் பெரிய இடர்ப்பாடு வாமசம்புவைப் பற்றியது. அவர் திருவடிகளைக் கலசுரி அரசர் போற்றினர் என்பது மல்காபுரச் சாசனத்தின் கூற்று. கலசுரி அரசர் பட்டயங்களிலும், வாமதேவர் திருவடியைத் தியானிப்போர் என்னும் அடைமொழி வருகின்றது. இரண்டையும் பொருத்தி, வாமதேவராவார் வாமசம்புவே என்று எளிதில் உரைத்துவிடுவாருளர். அவ்வடைமொழி பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட கர்ணன் பட்டயங்களிலேயே உளது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியிற் பத்ததி செய்தவருடைய மாணாக்கர், அவர்க்கு முற்பட்ட அரசனாற் போற்றப்பட்டார் என்றல் எங்ஙனம் பொருந்தும்? பத்ததியின் காலத்தை முன்னே தள்ளுதல் வேண்டும். அன்றேல் வாமதேவரை வேறொருவராகக் கொள்ளல் வேண்டும். அன்றேல் 1261-ல் செய்யுள் யாத்தவர் பழம்பெயர்களின் முறையைப் பிறழ வைத்தார் எனல் வேண்டும். மூன்றாவதே இயல்பாகத் தோன்றுகின்றது. அண்மைக் காலத்தவரைத் தெளிவாகவும், சேய்மைக் காலத்தவரை ஒளிமிக்க சில பெயர்களாகவும் நினைவிற் கொள்ளுதல் எல்லாப் பரம்பரைக்கும் பொது.

சத்பாவ சம்புவை, சந்திரேகி, குர்கி என்னும் ஊர்களின் சாசனங்களில் யுவராஜதேவனோடு சேர்த்துக் கூறப்படும் பிரபாவசிவரே என்று கொள்வாரும் பலர். காலமும் இடமும் அதற்கு இடந்தருவன. ஆனால் பிரபாவசிவர் புரந்தரர் வழிவந்த மத்தமயூர பரம்பரையினர். அவர் மாணாக்கரின் மாணாக்கர் பிரபோதசிவர் கி.பி. 973-ல் சந்திரேகியிற் சாசனம் பொறித்தவர். மல்காபுரக் கல்லோ புரந்தரரைப் பற்றி வாய்திறவாது துருவாசரிடத்திருந்து தொடங்குகின்றது. பெயரொலி ஒன்றுபோல் இருத்தல் கொண்டு இரு மரபை ஒன்றாக்குதல் துணிவுடைமையாகாது. அவ்வாறே கோளகி என்னும் இடம் வட்டவடிவக் கோயிலுடைய பேடாகாட்டோ, குர்கியோ என்னும் வழக்கும் இன்னும் முடிவுபெறாதது. அதனை ஈண்டு விரித்தல் வேண்டா.

இனி, மூன்றிலக்கம் கிராமம் என்பதன் பொருள் யாது? இதனை எழுத்துப்படி கொண்டு வியப்பாரும், வெறும் பொய்யென இகழ்வாரும் ஒருங்கே வழுவினராவர். இரட்டபாடி ஏழரை இலக்கம், கங்கபாடி தொண்ணூற்றாறாயிரம், நுளம்பபாடி முப்பத்தீராயிரம் என்னும் வழக்குகள் தமிழ்நாட்டு மெய்க்கீர்த்திகளையும் கன்னட நாட்டுச் சாசனங்களையும் பயின்றார்க்குப் புதியன அல்ல. ஏழரை இலக்கம் ஊர்களை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை. அது நாட்டின் பெயரோடு ஒட்டி நிற்கும் எண். டாகளத்தை ஒன்பது இலக்கம் எனக் கூறும் வழக்கும் இருந்தது. ஆகவே மூன்றிலக்கம் என்பது அந்நாட்டில் மூன்றிலொரு கூறு எனப் பொருள்படுதல் வேண்டும். அதுவும் மிகைபடக் கூறலாகவே இருக்கலாம். ஆயினும் மிகை எது, பொய் எது என வேறு பிரித்தறிதலே சாசன ஆராய்ச்சியாளர் கடமையாகும்.

எண்ணினும் பெரிது ஆண்டு வழங்கிய சொல். தானம் என்னாது பிக்ஷை என்றனர். நீர்வார்த்துக் கொடுக்கும் தானம், ஏற்பவனுக்கு உடைமையாகும்; அவன் மக்கட்கும் செல்லும். பிக்ஷையோ ஏற்றவன் அன்றே உண்டு தீர்ப்பது, தேடிவைப்பதன்று. நாட்டின் ஒரு கூறு முழுவதையும் ஓட்டில் விழுந்த ஒரு பிடி சோறு போலக் கூறியதில் உள்ள நயம் ஒருபுறம் இருக்க, அதன் அடுத்த அடி ஊன்றி நோக்கற்பாலது. சத்பாவ சம்பு மடத்தை அமைத்து, தாம் ஏற்றது அனைத்தையும் அம்மடத்திற்கே விருத்தியாக வைத்தார். ஏற்றவர் வேறு, உடைமை நின்ற இடம் வேறு. பெற்றவர் கை வழியாக நிலம் கடந்து சென்றதேயன்றி அவர்பால் தங்கவில்லை. சாசனம் யாத்தவர் இதனை மூன்று நூற்றாண்டுக்கு முற்பட்ட பழங்கதையாகக் கூறியது வீணன்று. விசுவேசுவர சம்பு தாம் செய்யப்புகுவதற்கு முன்னோர் நெறியைச் சான்றாக நிறுத்துகின்றார் என்க.

அரசர் பலர் சீடராயினர் என்னும் பகுதி இனி ஆராயத்தக்கது. விசுவேசுவர சம்புவுக்குச் சோழனும் மாளவனும் சீடராயினர் எனவும், கலசுரி அரசர்க்கும் அவர் தீக்ஷாகுரு எனவும், கணபதிதேவன் அவர்க்கு மகன் எனவும் சாசனம் கூறுகின்றது. இவற்றுள் கணபதியைப் பற்றிய கூற்றுக்குக் கொடையே சான்று. மகன் என்றது தீக்ஷையால் வந்த உறவு பற்றி. சிவதீக்ஷையிற் பிறந்தானுக்கு ஆசாரியன் தந்தை என்பது ஆகம வழக்கு. கலசுரி அரசரைப் பற்றிய கூற்றோ ஆராய்ச்சிக்குரியது. திரிபுரிக் கலசுரிகளின் அரசு பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைகுலைந்தது. விஜயசிங்கனுக்குப் பின் அவ்வழியில் வலிமிக்க அரசன் ஒருவனும் அறியப்படவில்லை. 1261-ல் எழுதுவார் கலசுரியைச் சீடனெனக் கூறும்பொழுது, ஆளும் அரசனைக் கூறினாரோ, ஆசாரியரின் இளமைக்காலத்து நிகழ்ச்சியைக் கூறினாரோ, மடத்தின் பழம்பெருமையை அவர்மேல் ஏற்றினாரோ என்பது தெளிவில்லை. சோழன் என்றவுடன் தஞ்சைச் சோழன் என்று மகிழ்தலும் அவசரமாகும். அக்காலத்து நெல்லூரைச் சார்ந்து ஆண்ட தெலுங்குச் சோடரும் சோழரென்றே தம்மைக் கூறிக்கொண்டனர். அவர்கட்கும் கணபதிக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தது. மூன்றாம் இராசராசனோ தன் நாட்டையே காத்துக்கொள்ள மாட்டாது, 1231-ல் கோப்பெருஞ்சிங்கனாற் சேந்தமங்கலத்திற் சிறைவைக்கப்பட்டு ஹொய்சளர் துணையால் மீண்டவன். அவ்வரசனே கோளகி ஆசாரியரின் சீடன் என நிறுவுதற்கு மல்காபுரக் கல்லின் ஒரு சொல் போதாது. புகழ்ச்சிக்கு வேண்டிய சான்றைத் தேடாது புகழ்தல் ஆசாரியருக்கும் உவப்பாகாது.

இப்பகுதியிற் சான்றோடு நிற்பது வேறொன்று. அதனைப் பெருமை பேசுவார் எவரும் எடுத்துக்காட்டுவதில்லை. விமலசிவர் கேரள நாட்டிற் பிறந்தவர். விசுவேசுவர சம்பு கௌட தேசத்து ராட நாட்டில் பூர்வக்கிராமத்தவர். ஒருவர் தென்கோடியினின்று நருமதைப் பக்கம் சென்று கலசுரிக்குக் குருவானார். மற்றவர் கங்கையின் கீழ்ப்பாங்கினின்று வந்து காகதீயனுக்குக் குருவானார். இவர் எவர்க்கும் அவர் அமர்ந்த நாடு பிறந்த நாடன்று. அரசன் எல்லை எங்கே முடிகிறது என்பதை மடம் கணக்கிட்டதாகத் தோன்றவில்லை.

அற்றேல், மடம் அரசியற் கருவியே என்பார் கொள்கை முற்றும் பொருளற்றதோ எனின், அற்றன்று. அவர் காட்டும் ஏதுக்களில் வலிமையுள்ளன சில உள. மந்தரம் என்று சாசனம் கூறும் மந்தடம் இருப்பது வெலநாட்டுப் பகுதி. அது காகதீயர்க்குப் பழைய உரிமையுடைய நிலமன்று. 1199-ல் அரியணை ஏறிய கணபதிதேவன், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே படையெடுத்துக் கடற்கரை நாட்டைக் கைப்பற்றினான். சாசனம் எழுந்த காலத்து அவன் முதுமை எய்தித் தன் புதல்வியை ஆட்சியில் அமர்த்தியிருந்தான். தெற்கே 1251-ல் முடிசூடிய சடாவர்மன் சுந்தரபாண்டியன் காஞ்சியைக் கடந்து நெல்லூர் வரை சென்று ஆங்கு வீராபிஷேகம் செய்துகொண்டதும் அக்காலமே. பெண் அரசாளுதல் எல்லார்க்கும் உவப்பாகாத காலத்தில், ருத்திரதேவ மகாராஜா என ஆண்பெயர் தாங்கிய அரசிக்கு, வென்ற நாட்டின் நடுவே தன் தந்தையின் குரு அமர்ந்திருத்தல் வலிமை தந்திருக்கும். இதனை மறுத்தல் கண்ணை மூடிக்கொள்வதாகும்.

ஆயினும் அரசனுக்குப் பயன் உண்டு என்பதும், அப்பயனே மடத்தின் காரணம் என்பதும் ஒன்றல்ல. மழை உழவனுக்குப் பயன்படுகின்றது. உழவனால் மழை பெய்வதில்லை. சாசனத்தின் வாக்கிய அமைப்பை நோக்கின் இவ்வேறுபாடு விளங்கும். கொடை முடியும்வரை வினைமுதல் கணபதியும் ருத்திரமதேவியும். மந்தரமும், அதனோடு வெலகபூடியும், ஆற்றிடைத் திட்டுகளும் வழங்கியது வரையே அவர் தொழில். அதன்பின் வரும் வினைகட்கெல்லாம் எழுவாய் ஆசாரியர். கோயில் எடுத்தவர் அவர். மடம் அமைத்தவர் அவர். விசுவேசுவர கோளகி என்று ஊருக்குப் பெயரிட்டவர் அவர். குடியேற்றியவரும் பங்கிட்டவரும் அவரே. அரசு தன் கருவிக்குக் கட்டளையிட்டிருப்பின் இப்பகுதி அரசாணையாக இருந்திருக்கும்.

அவர் குடியேற்றியவர் யாவர்? திராவிட அந்தணர் குடும்பங்கள் அறுபது. பாண்டியன் படை வடக்கு நோக்கி நின்ற காலத்தில், தெற்கினின்று வந்தோரைக் காகதீய நாட்டின் ஆற்றங்கரையில் நிலைபெறச் செய்தல், எல்லை காக்கும் சூழ்ச்சியாக எவருக்குத் தோன்றும்?

அந்தணர்க்கு அளித்தது போக எஞ்சிய நிலம் மூன்று கூறாக்கப்பட்டது. ஒரு கூறு விசுவேசுவரப் பெருமானுக்கு. ஒரு கூறு மாணாக்கர் உணவுக்கும் சுத்தசைவ மடத்திற்கும். மூன்றாங் கூறு பிரசவசாலைக்கும் ஆரோக்கியசாலைக்கும் விப்பிர சத்திரத்திற்கும். கோயிலுக்குச் செல்வது மூன்றில் ஒன்று. பிணியாளரும் கருவுற்ற மகளிரும் வழிச்செல்வோரும் பெறுவது அதற்கு இணையான மற்றொன்று. இறைவன் பங்கும் மகப்பேற்றுச் சாலையின் பங்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்ட இவ்வேற்பாட்டைச் சைவருள் எத்துணைப்பேர் அறிந்திருக்கின்றனர்? இருக்கு, யசுர், சாமம் என்னும் வேதங்கட்கு ஆசிரியர் மூவர், தருக்கம், இலக்கியம், ஆகமம் முதலியன கற்பிக்க ஐவர், மருத்துவர் ஒருவர், கணக்கர் ஒருவர், ஆடல் மகளிர், மத்தளம் கொட்டுவோர், பாடுவோர், கொல்லர், தட்டார், குயவர், நாவிதர் முதலிய தொழிலாளர், ஊர்காவலுக்கு வீரபத்திரர். உணவுச்சாலையின் வாயிலோ அந்தணர் முதல் சண்டாளர் வரை வந்தார் யாவர்க்கும், எப்பொழுது வரினும், அடைக்கப்படலாகாது என விதிக்கப்பட்டது. அந்தணர்க்கென ஊர் கண்டவரே இவ்விதியையும் வகுத்தார். இவ்விரண்டையும் முரண் என்று கொள்வார், அன்னம் அளிக்குமிடத்து அடியார் வகுப்பு நோக்காத நெறியை மறந்தவராவர்.

இவ்வேற்பாடுகளின் முடிமணி ஆசாரியரைப் பற்றிய விதி. மடத்துத் தலைவர் கோளகி பரம்பரையினராயும், சாந்தமும் தூய்மையும் உடையராயும், சைவ நூல்களைக் காப்பவராயும், பொன்னும் மண்ணாங்கட்டியும் ஒப்ப நோக்குவோராயும் இருத்தல் வேண்டும். அவர்க்கும் ஊதியம் வரையறுக்கப்பட்டுள்ளது. அவர் நெறி பிறழ்வாராயின் சைவ சந்தானத்தார் கூடி அவரை விலக்கி வேறொருவரை அமர்த்துதற்கு உரியர். ஆட்சியிலுள்ள அரசர்க்குக் குருவாய், மகன் முறைக்காரனாக அவ்வரசனையே பெற்றிருந்த ஒருவர், தம் இடத்திற்குப் பின்னர் வருவோரை விலக்கும் உரிமையைத் தாமே எழுதிவைத்தார் என்றால், அவ்வுரிமையின் தேவையை அவர் எங்ஙனம் உணர்ந்தார் என்ற வினா எழும்.

இதற்கு விடை தேட மீண்டும் டாகளம் செல்லல் வேண்டும். ரீவாப் பகுதியில் துரேட்டி என்னுமிடத்துச் செப்பேடுகள், கலசுரி வருஷம் 963-ல் (கி.பி. 1212) எழுதப்பட்டன. அவற்றில் ஆளும் அரசன் திரைலோக்கியமல்லன். இவன் சந்தேல மரபுத் திரைலோக்கியவர்மனே என்பது பலர் துணிபு. ஆண்டுக் கணக்கு மட்டும் பழைய கலசுரி வழக்கிலேயே நிற்கின்றது. அரசு கைம்மாறிய அந்நாளில், இராஜகுருவாயிருந்த விமலசிவரின் மைந்தர் எனப்படும் சாந்தசிவர், அலௌரா என்னும் ஊரைத் தாரேகன் என்னும் இராணகனுக்கு அடைமானம் வைத்தார் என்பதே அச்செப்பேடுகளின் பொருள். இவ்விமலசிவரும், 1174-ல் கீர்த்தீசுவரம் எடுத்த விமலசிவரும் ஒருவராகக் கொள்வதற்குக் காலம் இடந்தருகின்றது. மைந்தர் என்றது வயிற்றுப் பிறப்போ தீக்ஷைப் பிறப்போ என்பது ஆராய்தற்குரியது. கணபதியை மகன் என்ற வழக்கு ஈண்டும் நினைக்கத்தக்கது. எங்ஙனமாயினும், குருவின் வழியினர் ஒருவர் கையில் ஊர் தனியுடைமை போல் இருந்தது. அரசு மாறிய காலத்து அது பொருளுக்கு ஈடாயிற்று.

பிக்ஷையாக ஏற்று மடத்துக்கு வைத்த சத்பாவ சம்பு எங்கே? அடைமானம் எழுதிய சாந்தசிவர் எங்கே? நாடுகள் மாறினும் மடம் மாறாது என்பார்க்கு இச்செப்பேடு மறுப்பாக நிற்கின்றது. அரசன் வீழ்ந்தபொழுது மடமும் மெலிந்தது. மெலிந்தபொழுது நிலம் விலைப்பட்டது. கருவிக் கொள்கையினர்க்கும் இதுவே மறுப்பு. கலசுரியின் கருவி கலசுரியோடு அழிந்திருத்தல் வேண்டும்; அப்பரம்பரையோ நாற்பத்தொன்பது ஆண்டு கழித்து, வேறு மொழி வழங்கும் நாட்டில், வேறு அரசர் கீழ் முன்னினும் ஒழுங்குடைய விதிகளோடு தோன்றுகின்றது. விசுவேசுவர சம்பு துரேட்டிச் செய்தியைக் கேட்டிருந்தார் என்று கூறச் சான்றில்லை. ஆனால் அவர் வகுத்த ஒவ்வொரு விதியும் அத்தகைய நிகழ்ச்சி மீண்டும் நேராவண்ணம் காக்கும் வேலியாக அமைந்துள்ளது. கூறு பிரித்து வைத்த நிலத்தை அடைமானம் வைத்தல் அரிது. ஊதியம் வரையறுக்கப்பட்டவர் ஊரைத் தமதெனல் அரிது. விலக்கத்தக்க தலைவர் மைந்தர்க்கு உரிமை எழுதல் அரிது. பழம்பெருமை கூறும் முன்பாதியும் பங்குக் கணக்கு எழுதும் பின்பாதியும் இவ்வாறு ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

விதிகள் நிலைத்தனவோ எனின், நெடுங்காலம் நிலைத்தில. 1323-ல் ஓரங்கல் வீழ்ந்தது. மந்தடமும் வெலகபூடியும் அதன்பின் எத்தனையோ அரசுகளைக் கண்டு, இக்காலத்தில் ஆந்திர மாநிலத்தின் தலைமைச் செயலகம் அமைந்த நிலமாயின. பிரசவசாலைக்கென அளந்த நிலம் எது, ஆரோக்கியசாலைக்கென அளந்த நிலம் எது என இன்று காட்டுவார் இலர்.

தமிழ்நாட்டிற்கு இம்மடத்தோடுள்ள தொடர்பு பற்றிப் பலவாறு எழுதப்படுகின்றது. மெய்கண்டார் மரபு கோளகியிலிருந்து பிறந்தது என்று ஒரு சொல்லால் முடிப்பாரும் உளர். அதற்குச் சான்று யாண்டுளது? மெய்கண்டதேவர் மரபினர் தம் குருபரம்பரையைக் கூறுமிடத்துச் சத்பாவ சம்புவையோ விசுவேசுவர சம்புவையோ கூறினாரில்லை. காலம் அடுத்திருத்தலும் சைவம் பொதுவாயிருத்தலும் கொண்டு ஒரு சந்தானத்தை மற்றொன்றன் கிளையாக்குதல், முன்னர்ச் சத்பாவரைப் பிரபாவராக்கியதனோடு ஒத்த பிழையாகும். உறுதியாகக் காட்டத்தக்க தொடர்பு பிறிதொன்று உளது. சோமசம்புவின் பத்ததி தமிழ்நாட்டுச் சிவாசாரியர் கைகளிற் பெரிதும் பயின்றது. அதற்குத் திரிலோசன சிவாசாரியர் உரை கண்டார். 1158-ல் கிரியாக்கிரமத்தியோதிகை இயற்றிய அகோர சிவாசாரியர் ஆமர்த்தக மடத்து மரபினர். அவர் காலத்துக்கு முன்னரே வடநாட்டு மடங்களின் கிரியைநூல்கள் தென்னாட்டில் வேரூன்றிவிட்டன. டாகளத்தரசன் ஒருவனும் காவிரிக்கரையில் ஒரு குழி நிலம் ஆண்டதில்லை. டாகளத்து மடத்தின் நூலோ இன்றும் திருக்கோயிற் கிரியைகளில் வழங்கிவருகின்றது.

மடமும் பின்னர்த் தென்னாடு வந்தது. சோழ பாண்டிய நாட்டுச் சாசனங்களில் கோளகி சந்தானம், இலட்சாத்தியாயி சந்தானம், பிக்ஷாமடத்துச் சந்தானம் என்னும் பெயர்கள் வருகின்றன. இலட்சாத்தியாயி என்பதை மூன்றிலக்கம் கிராமத்தோடு இணைத்துரைப்பர் சிலர். அத்தியாயி என்பது ஓதுவோனைக் குறிக்கும் சொல்லாதலின், கிராமத்தை ஓதுதல் எவ்வாறு என்பதை அவர் விளக்கல் வேண்டும். இலக்கம் கிரந்தம் ஓதுவோர் எனச் சொல்லுக்கு நேரே பொருள் கொள்ளுதலே அமைவுடைத்து. பிக்ஷாமடம் என்னும் பெயர்க்கு இத்தகைய இடர்ப்பாடு இல்லை. யுவராஜதேவன் பெயரோ, கணபதிதேவன் பெயரோ, அவர் அளித்த ஊர்களின் பெயரோ தமிழ்நாடு வரை அம்மடத்தோடு வந்தில. வந்தது, முதலாசாரியர் ஏற்ற ஓட்டின் பெயர்.